ஹெங்க் போட்ட தப்புத் தாளம்

பிள்ளைகளே, நாட்டிய அரங்கேற்ற சீசன் நெருங்கிவிட்டது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை எந்தச் சனிக்கிழமையும் உங்களுடையது இல்லை என்று வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்கு ரவை பூசுவது, சுருதி சேர்ப்பது, வாத்தியத்தை விமானத்தில் உடையாமல் கொண்டுபோவது எல்லாம் இப்போது நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தருகிறீர்கள். எனக்கு முட்டி போய்விட்டது. மேடையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். ஆகவே பேச்சு மட்டும்தான் பாக்கி.

போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். "அங்கிள், இப்பல்லாம் நெறைய பேர் ரெக்கார்டிங் போட்டே அரங்கேற்றம் பண்ணிடறாங்க. ஸ்பீக்கர் தப்பு பண்ணாது, லேட்டா வராது, காபி கேக்காது. அப்புறம் நம்மள எதுக்குக் கூப்பிடணும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில் என்னிடம் உருப்படியான பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் ஒரு டச்சுக்காரரிடமிருந்து கிடைத்தது.

தொண்ணூறுகளில் நான் நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்தேன். வாரம் முழுக்க ரயிலேறி மன்ஹாட்டன் போய், ஒரு பேங்கின் பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்கமாக இருந்த வருஷத்தை நான்கு இலக்கமாக மாற்றும் வேலை. அந்தக் காலத்தில் பாதி எடிசன் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சனி, ஞாயிறு வந்தால் மிருதங்கம். அமெரிக்காவிலேயே வாசிக்க ஆள் குறைவு என்பதால் சில சமயம் சுகர் லேண்ட் வரைக்கும்கூடக் கூப்பிடுவார்கள். கரூரில் கற்றுக்கொண்ட வித்தைக்கு டெக்சஸில் கிராக்கி என்றால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? எனக்கும் வந்தது.

அந்த டச்சுக்காரர் ஹெங்க், எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். ஜாஸ் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே ராட்டர்டாமை விட்டு இளம் வயதில் நியூயார்க் வந்தவர். வாடகை தாங்காமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சிக்கு வந்து, நகர்ந்து நகர்ந்து எடிசனில் நின்றுவிட்டார். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். அவருடைய வாத்தியம் டபுள் பேஸ். வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். சுவர் வழியாகக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள், "இத்தனை பெருசா வெச்சுக்கிட்டு டும் டும்னு ஒரே சத்தம்தான் வருது, பாவம்." ஜாஸ் கச்சேரியில் அந்த டும் டும்மைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லோரும் நடக்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

அவருக்கு ஒரே மகள், சாஸ்கியா. மனைவி பிரிந்து கலிஃபோர்னியாவில் இருந்தார். பள்ளிக்கூட நாட்களில் அப்பாவிடம், கோடை விடுமுறையில் அம்மாவிடம் என்று ஏற்பாடு. இதில் ஒரு சிக்கல். ஊரெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரத்தில்தான் ஜாஸ்காரர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதனால் சாயங்காலங்களில் மகளைக் கீழ்வீட்டுத் தமிழ் ஆன்ட்டியிடம் விட்டுவிட்டுப் போவார். அந்த ஆன்ட்டி டான்ஸ் டீச்சர். கூடத்தில் இருபது பெண்கள் தையத்தை தை என்று குதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை மூலையில் எத்தனை நாளைக்கு ஹோம்வர்க் செய்துகொண்டிருக்கும்? டேகேராகத் தொடங்கியது பரதநாட்டியமாக முடிந்தது. வகுப்புப் பெண்கள் அவளைச் சசி ஆக்கிவிட்டார்கள். தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அந்த வகையில் அவள் எடிசனின் அசல் தமிழ்ப் பெண்தான்.

ஆட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த நொடியில் நின்றுவிடுவாள். நின்றால் நின்றதுதான். தமிழ்ச் சங்கத் தீபாவளி விழா ஒன்றில் கேசட் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் அடி பிசகியது. யாருக்கும் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கீழே போட்டாள், ஒலிபெருக்கியை ஒரு தடவை பார்த்தாள், நடந்து உள்ளே போய்விட்டாள். காலி மேடைக்குக் கேசட் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். அதற்குப் பிறகு பல மாதம் அவள் சலங்கையைத் தொடவில்லை.

டீச்சர் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வரவழைத்தார். சில வருஷம் கழித்து அரங்கேற்றம் என்று பேச்சு வந்தபோது ஹெங்க் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கேசட் கூடாது, மேடையில் மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

டீச்சர் வீட்டில் முதல் ஒத்திகை. ஹெங்க் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கு எனக்குக் கை நன்றாகப் பேசியது. ஜாஸ்காரர் கேட்கிறார் என்ற உற்சாகத்தில் கொஞ்சம் கூடவே பேசியது. முடிந்ததும் பாராட்டு வரும் என்று துண்டால் முகத்தைத் துடைத்தபடி காத்திருந்தேன். ஹெங்கோடு எல்லோர் பேச்சும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நம் தமிழில் சொல்கிறேன்.

"நீ பிரமாதமா வாசிக்கற," என்றார் ஹெங்க். "ஆனா இவ்ளோ நேரத்துல ஒரு தடவகூட நீ அவளைப் பாக்கல."

டச்சுக்காரர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். இந்த மனுஷனுக்கு லயத்தைப் பற்றி என்ன தெரியும், முப்பது வருஷம் வாசித்தவனிடம் சொல்கிறான் பார் என்றெல்லாம் குதித்தேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "சரி, நெசமாவே அந்தப் பொண்ணப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கச்சேரிப் பழக்கம். கண்ணை மூடித் தாளத்துக்குள் போய்விடுவது.

அடுத்த ஞாயிறு மதியம் அவர் வாசிக்கும் ஹோட்டலுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சைவம் என்ற பெயரில் எனக்கு உருளைக்கிழங்கும் தர்பூசணியும் வந்தன. மேடையில் பியானோ, டிரம்ஸ், ஹெங்க், பாட ஒரு வயதான அம்மாள். கை சும்மா இருக்குமா? தொடையில் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டேன். ஒரு பாட்டில் அந்த அம்மாள் நடுப்பகுதியை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டார். என் கை அந்தரத்தில் நின்றது. மேடையிலோ ஒன்றுமே நடக்கவில்லை. ஹெங்க் அந்த அம்மாளின் தோளையே பார்த்தபடி அவரோடு தாவியிருந்தார். ஹெங்கைக் கேட்டு மற்ற இருவரும் தாவிவிட்டார்கள். ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரும் தலையைத் தூக்கவில்லை.

இடைவேளையில் விடாமல் பிடித்துக்கொண்டேன். "அந்தம்மா ஒரு பகுதியையே முழுங்கிட்டாங்களே, கவனிச்சியா?"

"கவனிக்காம எப்படித் தாவுவேன்?"

"நீ விட்டுக் குடுத்துட்ட. சரியான எடத்துல நிக்க வேண்டாமா?"

"அவங்கதான ஜனங்க முன்னாடி நிக்கறாங்க," என்றார். "அவங்க எங்க போறாங்களோ அதுதான் சரியான எடம். நான் சரியா நின்னு அவங்க தப்பாத் தெரிஞ்சா, என் வேலைய நான் செய்யலைன்னு அர்த்தம்."

எங்கள் சங்கீதத்தில் அதெல்லாம் நடக்காது, தாளத்தின் முதல் தட்டான சமம் எங்களுக்கு எப்போதும் சமம்தான் என்று வாதாடினேன். உலகமே பிசகினாலும் தாளத்தை விடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றார்.

ஆனாலும் அவருக்கு எங்கள் தாளம் பிடித்துப்போய்விட்டது. ஒத்திகைகளில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடக் கற்றுக்கொண்டார். ஆதி தாளம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இனி சொல்லப்போவது புரிவதற்காக நினைவுபடுத்துகிறேன். எட்டு எண்ணிக்கை. முதல் பாதியில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். இரண்டாம் பாதியில் விரலே கிடையாது. தட்டு, உள்ளங்கையைத் திருப்பி வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. தூரத்திலிருந்து கையைப் பார்த்தாலே எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஹெங்குக்கு இது ஒரு சாயங்கால வேலை. கொஞ்ச நாளில் ஒரு கையால் காபி ஊற்றிக்கொண்டே மறு கையால் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு போட ஆரம்பித்துவிட்டார். வேண்டுமென்றே குழப்பிப் பார்த்தேன், அசையவில்லை. சாஸ்கியாவுக்கும் அந்தக் கை பழகிவிட்டது. சந்தேகம் வந்தால் ஆடிக்கொண்டே ஓரக்கண்ணால் அப்பாவின் கையைப் பார்ப்பாள். அரங்கேற்றத்துக்காகச் சாஸ்கியா அம்மாவிடம் போகாமல் இருந்த அந்தக் கோடையில் அவருக்கு டெக்சஸ் முழுக்கச் சுற்றும் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. வேண்டாம் என்றார். முதல் வரிசையில் தன் கை இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். ஏனென்றால் அவருக்கும் டீச்சருக்கும் எனக்கும் ஒரே பயம்தான். மேடையில் அவள் இன்னொரு தடவை நின்றுவிட்டால், அப்புறம் எதிலுமே துணிந்து இறங்க மாட்டாள்.

அரங்கேற்ற நாள். பள்ளிக்கூட ஆடிட்டோரியம். பக்கவாட்டில் நாங்கள்: தாளத்தோடு டீச்சர், பாட ஒரு அம்மா, வயலின், நான். முதல் வரிசை நடுவில் பட்டு வேட்டியில் ஹெங்க். வேட்டி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டிருந்தது. அந்த உயரத்துக்கு நெசவாளர் யாரும் நெய்யவில்லை. அவருக்குப் பக்கத்தில் டாக்டர் அங்கிள். கோயம்புத்தூர்க்காரர், சிறுநீரக நிபுணர். எடிசனில் எந்த அரங்கேற்றம் நடந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து, தொடை அதிரத் தாளம் போட்டு, யார் எங்கே விட்டார்கள் என்று சாப்பாட்டின்போது அறிக்கை வாசிப்பவர். எங்கள் எல்லோருக்கும் அவரிடம் கொஞ்சம் நடுக்கம் உண்டு.

வர்ணம் நன்றாகப் போனது. பதத்தில் இரண்டு ஆன்ட்டிகள் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியாகத் தில்லானா. இனி என்ன, கரை சேர்ந்தாயிற்று என்று நான் மனதில் சாம்பார் சாதத்துக்குப் போய்விட்டேன். அங்கேதான் நடந்தது. மூன்று தடவை ஆடி முடிக்க வேண்டிய கோர்வையில் மூன்றாவது தடவையைப் பாதியிலேயே முடித்து, அடுத்த அடவுக்குப் போய்விட்டாள். அரை ஆவர்த்தனம், அதாவது நான்கு எண்ணிக்கை முன்னால். எங்களுக்கு ஐந்தாவது எண்ணிக்கை. அவள் காலுக்கு அதுதான் சமம்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. தமிழ்ச் சங்க மேடையில் ஒலிபெருக்கியைப் பார்த்த அதே கண். பாட்டு ஓரிடத்தில் போகிறது, கால் ஓரிடத்தில் போகிறது, எது தப்பு என்று கேட்கும் கண். கை இறங்கப் போகிறது என்றே நினைத்தேன். இறங்கவில்லை. அவள் முதல் வரிசையைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். தட்டு, வீச்சு என்று போக வேண்டிய இடத்தில் ஹெங்கின் கை நிதானமாக விரல் எண்ணிக்கொண்டிருந்தது. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். நான் எத்தனை குழப்பியும் அசையாத மனிதர், அரங்கம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது பச்சைத் தப்பாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் துளிச் சலனம் இல்லை. நீ சரியாகத்தான் போகிறாய் பெண்ணே, மேடையில் இருப்பவர்கள்தான் பின்னால் வருகிறார்கள் என்று அந்தக் கை சொல்லியது. அவள் தோள் இறங்கியது, கால் அழுத்தமாக விழுந்தது. ஆடிக்கொண்டே போனாள்.

இப்போது என் முறை. கற்றது எல்லாம் இருக்கிற இடத்திலேயே நில் என்றது. நான் நின்றால் அவள் தப்பு. தாவினால் நான் தப்பு. யோசிக்க நேரம் இருந்தது என்று சொன்னால் பொய். அவள் காலைப் பார்த்தேன், முடிப்புச் சொல்லாக ஒரு சின்னத் தீர்மானம் வாசித்து அந்தக் கால் விழும் இடத்தில் ஓங்கி அடித்து இறங்கினேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் தோசை சுடலாம். பாடிய அம்மா அனுபவசாலி. மிருதங்கம் போன இடத்தைக் கேட்டதும் பாட்டின் அடியைப் பாதியில் வெட்டி வந்து சேர்ந்தார். வயலின் அவரோடு வந்தது. டீச்சர்தான் கடைசி. வந்ததும் தாளத்தை அவர் தட்டிய தட்டில் எனக்கான திட்டு முழுவதும் கேட்டது.

வராதவர் ஒருவர் உண்டு. டாக்டர் அங்கிள். அவர் பழைய கணக்கிலேயே கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஹெங்கின் கையைப் பார்த்தார், தாங்கவில்லை. "சார், தப்பு சார். இப்ப வீச்சு. விரல் கெடையாது," என்றார். ரகசியமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு, எனக்கே கேட்டது. சொல்லியும் கேட்காததால் ஹெங்கின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தானே தட்டும் வீச்சும் போட வைக்க ஆரம்பித்தார். ஹெங்க் உதறவில்லை. வலது கையை டாக்டரிடம் கொடுத்துவிட்டார். இடது கையை மகளுக்குத் தெரிகிற மாதிரி முழங்காலில் வைத்து விரல் எண்ணினார். ஒரு கையில் டாக்டரின் தாளம், ஒரு கையில் மகளின் தாளம், இரண்டும் அரை ஆவர்த்தனம் வித்தியாசத்தில், இரண்டும் பிசகாமல். அதற்கு நிகரான லய வேலையை நான் எந்தச் சபாவிலும் பார்த்ததில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் முத்தாய்ப்பை எப்படி வாசித்தேன் என்றே தெரியவில்லை. அவள் முடித்தாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சாப்பாடு பள்ளிக்கூடக் கேன்டீனில். டச்சுக்காரர்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் வாழ்த்து சொல்வார்களாம். ஹெங்க் வேட்டியோடு மேசை மேசையாகப் போய், டீச்சருக்கு வாழ்த்து, வயலின்காரருக்கு வாழ்த்து, வடை பரிமாறியவருக்கு வாழ்த்து என்று கை குலுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அங்கிளிடம் வந்தபோது அறிக்கை வெளியானது.

"டாட்டர் ரொம்ப நல்லா பண்ணினா, கன்கிராட்ஸ். ஆனா தில்லானால நீங்க தாளத்த விட்டுட்டீங்க. நீங்க போட்டத பாத்து ஆர்க்கெஸ்ட்ராவும் கன்ஃப்யூஸ் ஆயிடுச்சு. இட்ஸ் ஓகே, நம்ம தாளம் உங்களுக்கு டிஃபிகல்ட்தான்."

ராட்டர்டாமிலும் நியூயார்க்கிலும் தாளத்தை வைத்தே சோறு தின்ற மனிதர் அவர். பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். "ஆமா, எனக்கு விட்டுப்போச்சு," என்றார் ஹெங்க். "கையப் பிடிச்சுக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

சாஸ்கியா என்னிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள். "சாரி அங்கிள். பப்பா ராங்கா தாளம் போட்டார், நான் அதப் பாத்து ஆடிட்டேன். உங்களுக்கு டிஸ்டர்ப் ஆச்சா?"

அவள் தலைக்கு மேலே ஹெங்கின் முகம் தெரிந்தது. ஆமாம் சொல் என்பதுபோல் ஒரே ஒரு தடவை, லேசாகத் தலையை ஆட்டினார்.

"கொஞ்சம் ஆச்சும்மா," என்றேன். "உங்கப்பாவுக்குத் தாளம் நிக்கல. நான்தான் தடுமாறிட்டேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து மேசையருகே உட்கார வைத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "பரவாயில்ல பப்பா. நீ நிறுத்தாம போட்டுக்கிட்டே இருந்தியே, அதுதான் முக்கியம். தப்பு எல்லாருக்கும்தான் வரும்."

நான் குனிந்து மிருதங்க உறையின் ஜிப்போடு மல்லுக்கு நின்றேன். ஜிப்பில் கோளாறு ஒன்றும் இல்லை.

பிள்ளைகளே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்பீக்கர் தப்பு பண்ணாது, வாஸ்தவம். ஒரு பெண்ணுக்காகத் தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ள அதற்குத் தெரியாது. நம்மைக் கூப்பிடுவது அதற்குத்தான். ஆகவே கண்ணைத் திறந்து வாசியுங்கள். அவள் காலைப் பாருங்கள்.

நான் ஜிப்பை மூடி நிமிர்ந்தபோது பாடம் தொடங்கியிருந்தது. "தட்டு, அப்புறம் சுண்டு விரல், பப்பா. சுண்டு விரல்தான் ஃபர்ஸ்ட்." ஹெங்க் புருவத்தைச் சுருக்கி, கவனமாகத் தட்டிவிட்டு, மோதிர விரலை எண்ணினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து என்றாள். அவர் தட்டினார். மறுபடியும் மோதிர விரலில் ஆரம்பித்தார்.